சைக்கிள் இருக்கு, நீச்சல் கிளாஸ் போனான்… சரி, தெரியுமா?

வாசகி கேள்வி: டாக்டர், நாங்கள் கோவை சரவணம்பட்டி பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு நாலரை. இரண்டு கோடையாகப் பையனை நீச்சல் முகாமுக்கு அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் கடைசி நாளில் கொஞ்சம் நீந்துகிறான், அடுத்த வருஷம் போனால் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சைக்கிள் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. பக்கச் சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை, இப்போது பால்கனியில் அதன் மேல் துண்டு காய்கிறது. "இவன் வயசில் நான் ரேஷன் கடைக்கு சைக்கிளில் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன்" என்பார் கணவர், ஆனால் கீழே ரோட்டில் விடச் சொன்னால் அவரே பயப்படுகிறார். தண்ணீரில் இறங்கினால் சளி பிடிக்கும், பெண் பிள்ளை கறுத்துவிடும் என்று மாமியார் தடுக்கிறார். கேரளாவில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்தி பார்த்ததிலிருந்து எனக்கும் தயக்கம். சின்னப் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை நாள் நீந்த வேண்டும், எத்தனை நாள் சைக்கிள் ஓட்ட வேண்டும்? இந்தக் காலத்தில் மற்ற பிள்ளைகள் எவ்வளவு செய்கிறார்கள்?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. என் கிளினிக்கில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தால், காய்ச்சலோ வயிற்றுவலியோ பார்த்து முடித்தபின் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டால் அம்மா சொல்லும் பதில், "இருக்கு சார்." "நீச்சல் தெரியுமா?" என்றால், "கிளாஸ் போனான் சார்." நான் கேட்டது தெரியுமா என்று, வரும் பதில் இருக்கு, போனான். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் இன்றைய நகரத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பொருள் வாங்கியாகிவிட்டது, கட்டணம் கட்டியாகிவிட்டது, வேலை மட்டும் பாக்கி.

இன்னொன்றும் கவனிக்கிறேன். பதினைந்து இருபது வருஷம் முன்பு எட்டு வயதுப் பையனைப் படுக்கவைத்துப் பார்த்தால் இரண்டு முட்டியிலும் தழும்பு இருக்கும், ஒன்று காய்ந்தது, ஒன்று புதிது. இப்போது முட்டி சுத்தமாக இருக்கிறது. பொள்ளாச்சி, அவிநாசி பக்கக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னும் பரவாயில்லை. அடுக்குமாடிப் பிள்ளைகளின் முட்டி பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, மருத்துவராக எனக்குத்தான் அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சரி, வாரத்துக்கு எத்தனை நாள்? இரண்டையும் ஒரே தராசில் வைத்து எண்ணாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். திங்கள் புதன் நீச்சல், செவ்வாய் வியாழன் சைக்கிள், வெள்ளிக்கிழமை கீபோர்டு என்று கால அட்டவணை போட்டுக் கேட்கிறீர்கள். ஆனால் நீச்சல் என்பது உயிர் சம்பந்தப்பட்ட காரியம், ஒரு தடவை விடாமல் பிடித்து முழுசாகக் கற்று முடிக்கணும், முடித்தபின் மறக்காத அளவுக்கு எப்போதாவது இறங்கினால் போதும். சைக்கிள் அப்படியில்லை. அதைக் 'கற்றுக்கொள்வதற்கு' ஒரு வாரம்கூட ஆகாது, ஆனால் தினமும் பதினைந்து நிமிஷமாவது ஓட்டினால்தான் பிள்ளைக்கு அது காலாக மாறும். முன்னதை முடிக்காமல் விட்டீர்கள், பின்னதைத் தொடங்காமல் விட்டீர்கள். வேறு தப்பு ஒன்றும் நடக்கவில்லை.

நீச்சலை எடுத்துக்கொள்வோம். பையன் ஒவ்வொரு கோடையும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஆச்சரியமே இல்லை. முகாம் என்பது பத்துப் பதினைந்து நாள், அதில் முதல் நாலைந்து நாள் தண்ணீர் பயம் போவதற்கே சரியாகிவிடும், அப்புறம் மூச்சு விடப் பழகி, காலை உதைக்கப் பழகி, கடைசி இரண்டு நாள் நாலு கை வீசி நீந்துவான், அப்பா வீடியோ எடுப்பார், சான்றிதழ் கொடுப்பார்கள், முடிந்தது. அதோடு பத்துப் பதினோரு மாதம் தண்ணீர் பக்கமே போவதில்லை. பாதி வேகாத சோற்றை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வருஷம் மறுபடி அடுப்பில் ஏற்றுகிற கதை. இந்தத் தடவை முகாம் முடிந்த மறு வாரமே அதே குளத்தில் வாரம் ஒரு நாளாவது தொடருங்கள், முடிந்தால் இரண்டு நாள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். இப்படி ஐந்தாறு மாதம் போனால் பெரும்பாலான எட்டு வயதுப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். அப்புறம் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை போதும்.

தேறுவது என்றால் என்ன? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 'ஃப்ரீ ஸ்டைல் வந்துவிட்டது' என்பது தேறியதற்கு அடையாளம் இல்லை. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து காரியம் சொல்கிறது, எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து முழுசாக முங்கி மேலே வரணும், ஒரு நிமிஷம் மிதக்கணும் அல்லது நின்ற இடத்திலேயே கைகால் அடித்துத் தலையை வெளியே வைத்திருக்கணும், ஒரு சுற்றுத் திரும்பி எந்தப் பக்கம் கரை என்று பார்க்கணும், ஏறக்குறைய 23 மீட்டர் நீந்தி அந்தக் கரைக்குப் போகணும், ஏணி இல்லாமல் கையை ஊன்றி வெளியே ஏறணும். எந்த ஸ்டைலிலும் நீந்தலாம், நாய் நீச்சலானாலும் பரவாயில்லை. உங்கள் பையனைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது இந்த ஐந்தையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் நாலாவதை அழகாகச் செய்வார்கள், இரண்டாவதில் கடப்பாரை நீச்சல்தான், நேராகக் கீழே. முகாம்களில் மிதக்கச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குவதில்லை, கேட்டு வாங்கணும்.

ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கு 'கடல் குதிரை' என்று ஒரு நீச்சல் பட்டை தருகிறார்கள். கரையிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்தி, தோள் அளவுத் தண்ணீரின் அடியில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வந்தால் அதை நீச்சல் உடையில் தைத்துக்கொள்ளலாம். அதே நாட்டில் நாலாம் வகுப்பு வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் தேர்வும் உண்டு, பெரும்பாலும் போலீஸ்காரர்தான் வந்து நடத்துவார். எத்தனை வகுப்பு போனாய் என்று அங்கே கேட்பதில்லை, செய்து காட்டு என்கிறார்கள். நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் தாத்தா முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கிவிட்டார். பாதி நீந்தும்போது குடுக்கையை அவிழ்த்துவிடுவார், அது நமக்குத் தெரியாது, படியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தால் குடுக்கை தனியாக மிதந்துகொண்டிருக்கும். அன்றைக்குத்தான் வீட்டில் "பையன் நீந்திட்டான்" என்று சொன்னார்கள். (அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படிப் பத்திரமாகக் கற்றார்கள் என்று நினைக்காதீர்கள். அதே கிணறுகளில் போன பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.)

பெண்ணுக்கு நாலரை வயது என்றால் இப்போதே தொடங்கலாம். நாலு வயது வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் வகுப்பில் சொல்வதைக் கேட்டுச் செய்யும் பக்குவத்துக்கு வந்துவிடுவார்கள். வாரம் ஒன்றிரண்டு நாள், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், உதடு நீலமாகி நடுங்கத் தொடங்கினால் பத்தாவது நிமிஷமாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். உங்களில் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்கணும், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கணும். கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பி நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்க்காதீர்கள். அது விளையாட்டுச் சாமான், காற்று இறங்கினாலும் கையிலிருந்து கழன்றாலும் சத்தம் வராது. மூழ்கும் பிள்ளையும் சத்தம் போடாது. சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவதெல்லாம் அபூர்வம், வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது மூச்சு விடவே நேரம் போதாது, கத்த எங்கே முடியும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். அந்த வயதில் கடலோ ஆறோ வேண்டியதில்லை, மூடி திறந்து கிடக்கும் வீட்டு சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), பாத்ரூமில் நிரப்பி வைத்த பெரிய பக்கெட், இவையே போதும். உங்கள் குடியிருப்பில் சம்ப் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.

பையன் கொஞ்சம் வளர்ந்தபின் வரும் ஆபத்து வேறு. குளத்தில் நன்றாக நீந்துகிறான் என்ற தைரியத்தில்தான் பிள்ளைகள் ஆற்றில் இறங்குகிறார்கள். உங்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கம்தான், பவானி ஆறு பார்க்க அமைதியாக இருக்கும், பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் மட்டம் ஏறிவிடும், மேலே மழைகூட இருக்காது. மற்ற ஆறுகளில் மணல் அள்ளிய குழி. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பான். நீச்சல் தெரிந்தாலும் அங்கே நீரின் போக்கு தெரியாது. இதைப் பயமுறுத்தாமல், ஆனால் ஒளிக்காமலும் அவனிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும்: யாராவது மூழ்கினால் குதிக்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் மூன்று பேர், நாலு பேர் என்று செய்தி வருவது ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதால்தான். கத்தி ஆளைக் கூப்பிடணும், கைக்குக் கிடைத்ததை வீசணும், காலி தண்ணீர் கேன், வேட்டி, துப்பட்டா, எதுவானாலும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய நாலு இளைஞர்களில் இரண்டு பேரைக் காப்பாற்றியவர்கள் அங்கே துணி துவைக்க வந்த மூன்று பெண்கள், உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இழுத்தார்கள், தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம், அது நேரத்தைத் தின்னும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கணும், அதற்குள் இன்னொருவர் 108க்குச் சொல்லணும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு நாள் செலவழித்து நேரில் கற்றுக்கொள்ளுங்கள், கணவரையும் கூட்டிப் போங்கள்.

உங்கள் மாமியார் சொன்ன சளி விஷயம். சளி வைரஸால் வருகிறது, தண்ணீரால் இல்லை. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம், அதாவது நீச்சலுக்குப் போனாலும் பிடிக்கும், போகாவிட்டாலும் பிடிக்கும், போன வாரத்தில் பிடித்தால் பழி நீச்சல் மேல் விழும். ஆனால் மாமியார் பேச்சை முழுசாகத் தள்ளவும் வேண்டாம், காய்ச்சல் இருந்தால், வயிற்றுப்போக்கு இருந்தால், காதில் சீழ் வந்தால் அனுப்பக் கூடாதுதான். நான் அதிகம் பார்ப்பது காதுவலி. குளித்துவிட்டு வந்ததும் தலையை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, காது மடலை மட்டும் துண்டால் துடையுங்கள். பட்ஸ் விட்டுக் குடைவதுதான் பாதிக் காதுவலிக்குக் காரணம். வலிப்பு நோய் உள்ள பிள்ளை, காது சவ்வில் ஓட்டை உள்ள பிள்ளை என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூக்கை நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிகிற மாதிரி 'குளோரின்' வாசம் வந்தால் நன்றாக மருந்து போட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், நிலைமை நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்தால்தான் அந்த நெடி வரும், சரியாகப் பராமரிக்கும் குளத்தில் அவ்வளவு வாசம் இருக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அந்த நெடி ஆகாது. இறங்கும் முன் ஒரு குளியல், வந்தபின் ஒரு குளியல், முன்னதைத்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள்.

அமீபா பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது, கேரளாவில் 2024லும் 2025லும் அப்படிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி வெதுவெதுப்பான நன்னீரில், தேங்கிய குளம் குட்டைகளில் இருக்கும். மூக்கு வழியாகத் தண்ணீர் மேலே ஏறினால்தான் ஆபத்து, குடித்தால் வராது. நோய் மிக அரிது, வந்தால் கொடுமை. அதனால் பாசி படர்ந்த குட்டையில் தலைகீழாகச் சொருகு அடிப்பது வேண்டாம், குளோரின் அளவை தினமும் பார்க்கும் நீச்சல் குளத்தில் தைரியமாக இறக்கலாம். அளவு எழுதிய பலகை கண்ணில் படவில்லையென்றால் கேளுங்கள், கேட்டால் முறைப்பவர்களின் குளத்தை விட்டுவிடுங்கள்.

கறுத்துப்போவதற்கு என்ன பதில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வெயிலில் தோல் கறுப்பது தற்காலிகம், சில வாரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும் என்று மருத்துவராக எழுதலாம், அது உண்மைதான். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் போனால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது, முழுக்கை நீச்சல் உடை போட்டால் மீதியும் தீர்ந்தது. ஆனால் இந்தக் கவலை பையனைப் பற்றி எழும்பவே இல்லை, கவனித்தீர்களா? அவன் இரண்டு கோடை போய் வந்திருக்கிறான், அவன் நிறத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெண் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் உடை, வெட்கம், மாதவிடாய் என்று ஏதோ ஒரு காரணத்தால் குளத்திலிருந்து நின்றுவிடுவார்கள், எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள். அதற்கு முன் கிடைக்கிற ஐந்தாறு வருஷம்தான் உங்கள் மகளின் கணக்கு. மாமியாரைத் தண்ணீரில் கால் நனைக்கவாவது கூட்டிப் போங்கள், பேத்தி மிதப்பதைப் பார்த்தால் பேச்சு மாறும், என் அம்மாவுக்கு மாறியது.

இனி சைக்கிள். பக்கச் சக்கரம்தான் உங்கள் பையனைப் பழக விடாமல் வைத்திருக்கிறது. சைக்கிள் ஓட்டுவதில் பெடல் மிதிப்பது சுலபமான பகுதி, கஷ்டமானது சாய்வு, எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பி விழாமல் பிடிப்பது. பக்கச் சக்கரம் இருக்கும்போது வண்டி சாய்வதே இல்லை, அப்புறம் எதைப் பழகுவது? நம் அப்பாமார் காலத்தில் மணிக்கணக்கு வாடகைக்குப் பெரிய சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். சட்டத்துக்கு நடுவில் காலை விட்டு, வண்டியை ஒரு பக்கமும் உடம்பை இன்னொரு பக்கமும் சாய்த்து ஓட்டியபோது, அவர்கள் முதலில் கற்றது இந்தச் சாய்வைத்தான். பெடல் பாதி சுற்றுதான் சுற்றும், ஆனால் வண்டி விழாமல் போகும்.

இப்போது அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. பக்கச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சீட்டை, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும் அளவுக்கு இறக்குங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் லேசான சரிவு எப்படியும் இருக்கும், அங்கே காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். முதல் நாள் நடப்பான். இரண்டாம் மூன்றாம் நாள் நீளமாகத் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்குவான், ஒரு கார் நீளம் மிதந்த மாதிரி போவான், அந்த இடத்தில் முகத்தைப் பாருங்கள். நாலைந்து கார் நீளம் வந்துவிட்டால் பெடலை மாட்டலாம், பெரும்பாலும் அன்றைக்கே ஓட்டிவிடுவான். பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டிய அவசியமே வராது, பிடித்தே ஆகணும் என்றால் அக்குளில் பிடியுங்கள், ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். "கீழே பாக்காதே, அந்தத் தூணைப் பாரு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வேண்டாம். மகளுக்கும் இதே முறைதான், அவளுக்குப் பக்கச் சக்கரம் வாங்கவே வாங்காதீர்கள்.

வண்டி அளவில் ஒரு எச்சரிக்கை. பள்ளிச் சீருடை வாங்குவதுபோல் "வளர்ந்துடுவான்" என்று இரண்டு அளவு பெரிதாக சைக்கிள் வாங்குவது நம் வழக்கம். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துவிடலாம், சைக்கிள் பெரிதாக இருந்தால் பயம்தான் வளரும். பிரேக் பிடிக்கும் கட்டைக்கு விரல் எட்டுகிறதா, சின்னக் கைக்கு அது அழுந்துகிறதா என்றும் பாருங்கள், பல புது சைக்கிளில் பெரியவர்களுக்கே அழுந்தாது. ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்காரணும், தலைக்குப் பின்னால் தள்ளிப் போடுவது அலங்காரம்தான். செருப்பு வேண்டாம், ஷூ. நீளப் பாவாடை, துப்பட்டா செயினுக்குப் போகும். அண்ணன் ஓட்ட தங்கை கேரியரில் உட்காருவதை மட்டும் விடவே விடாதீர்கள், சைக்கிளில் வரும் காயங்களில் நான் வெறுப்பது அதுதான், பின் சக்கரக் கம்பிக்குள் குதிகால் மாட்டி வரும் பிள்ளைகள். தோல் உரிந்து ஆறுவதற்கு வாரக்கணக்கு ஆகும், அண்ணன் மூலையில் நின்று அழுதுகொண்டிருப்பான்.

ரோட்டுக்கு விடுவதில் உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அவர் மண்ணெண்ணெய் வாங்கப் போன ரோட்டில் மணிக்கு எத்தனை வண்டி போயிருக்கும்? பத்து வயது வரை பிள்ளைகளுக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாது, புத்திசாலிப் பிள்ளைக்கும் தெரியாது, அது மூளை முதிர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் இப்போதைக்குக் குடியிருப்பு வளாகத்துக்குள், தினமும் சாயங்காலம் பதினைந்து இருபது நிமிஷம். வெளியே என்றால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பா ஒரு சைக்கிள், பையன் ஒரு சைக்கிள், பக்கத்து டீக்கடை வரை. போய்ச் சேர ஒரு இடம் இருக்கணும், அதுதான் முக்கியம். சும்மா சுற்றிச் சுற்றி வருவது எட்டு வயதுக்கு மூன்று நாளில் அலுத்துவிடும், கடைசி பிளாக்கில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய் நோட்டு வாங்கி வா என்றால் அலுக்காது. வளாகத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும் குடியிருப்புகள் உண்டு, கார் கீறல் விழுமாம். உங்கள் சங்கக் கூட்டத்தில் மாலை ஐந்து முதல் ஆறு வரை ஒரு பக்கத்தையாவது கேட்டு வாங்குங்கள், இன்னும் நாலு அம்மாக்கள் சேர்ந்தால் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமை, எலும்புக்கு அவ்வளவு இல்லை. இரண்டிலும் உடம்பின் எடையைத் தண்ணீரோ சீட்டோ தாங்கிக்கொள்கிறது, எலும்பு கெட்டியாக வேண்டுமானால் பாதம் தரையில் தட்டணும், குதிக்கணும், ஓடணும், நொண்டி அடிக்கணும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்கும்படியான ஆட்டம் வேண்டும் என்கிறது, எலும்பும் தசையும் வலுப்படும் வேலை வாரத்தில் மூன்று நாளாவது. மூன்று நாலு வயதில் நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிஷம் அசைந்துகொண்டே இருக்கணும், உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள். வெளிச்சத்தில் இருப்பது கண்ணுக்கும் நல்லது, தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிஷம் வெளியே இருக்கச் செய்து கிட்டப்பார்வை கூடுவதை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே கீழே சைக்கிள் ஓட்டும்போது வண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடப் போனால் "சைக்கிள் வாங்கிக் கொடுத்தது எதுக்கு" என்று கூப்பிடாதீர்கள்.

பால்கனியிலிருந்து இந்த வாரமே துண்டை எடுத்துவிடுங்கள். பெடல் கழற்ற 15 எண் ஸ்பானர் வேண்டும், வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழலும், இடது பெடல் எதிர் மரை, வலப்பக்கம் திருப்பணும், இது தெரியாமல் நான் அரை மணி நேரம் ஸ்பானர் மேல் ஏறி நின்று இன்னும் இறுக்கியிருக்கிறேன். கழற்றியதும் இரண்டையும் ஒரு பையில் போட்டு சைக்கிள் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளை மூன்றாம் நாளே பெடலுக்குத் தயாராகிவிட்டாள், பெடலைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.